மாறியவரும் மாற்றியவரும்

மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்றால் வடமேற்கே ஒரு சாலை கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை தாண்டி பரங்கிமலைக்குப் போகிறது. தென்மேற்கே இன்னொன்று வேங்கைவாசல், செம்பாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரத்தைத் தொடுகிறது. மேம்பாலம் வந்த பிறகு இரண்டு பக்கமும் போவது முன்பைவிட எளிது. இந்தியாவில் மதமாற்றம் பற்றி நடந்த பெரிய வாதங்களில் பாதியையாவது இந்த இரண்டு சாலைகளின் கோடியில் நின்றுகொண்டே பேசிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மீதிப் பாதிக்குத் தில்லிக்கும் ராய்ப்பூருக்கும் போக வேண்டும். போவோம்.

புறப்படும் முன் கொஞ்சம் இலக்கணம் பார்த்துவிடலாம். 'மாறினான்' என்பது தன்வினை, 'மாற்றினான்' என்பது பிறவினை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 'மதமாற்றம்' என்ற பெயர்ச்சொல்லாக ஆக்கியதும் யார் செய்தது என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது. மாறியதும் மாற்றம், மாற்றியதும் மாற்றம். மேடையில் பேசுபவர் 'மதமாற்றம்' என்னும்போது பெரும்பாலும் 'மாற்றினார்கள்' என்ற பொருளில்தான் பேசுகிறார். கேட்கிற விசுவாசியோ 'நான் மாறினேன்' என்று தனக்குள் பதில் சொல்லிக்கொள்கிறார். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். தென்மாவட்டக் கிராமங்களில் பழைய வழக்கு வேறு மாதிரி: 'அவங்க தாத்தா காலத்துல வேதத்துல சேர்ந்தாங்க' என்பார்கள். கிறிஸ்தவர் என்றால் வேதக்காரர். சேர்ந்தது அவர்கள், சேர்த்தவர் பெயர் அந்த வாக்கியத்தில் இருக்காது.

கத்தோலிக்கக் குருக்கள் இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில் நிற்பவர்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் கை. அதனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'மாற்றியவர்கள்'. அவர்களுடைய இறையியல் சொல்வதோ நேர்மாறு: மாற்றுவது கடவுள், மாறுவது மனிதர், குரு வெறும் கருவி. இந்த முரணைச் சுமந்தபடி பொதுவாழ்வில் இறங்கிய இரண்டு குருக்கள் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒருவர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். இன்னொருவர் உச்ச நீதிமன்ற வழக்கொன்றின் தலைப்பாகவே ஆகிப்போனவர்.

முதலில் பரங்கிமலை. மலை மேலுள்ள மாதா கோவிலை 1523இல் போர்த்துக்கீசியர் கட்டினார்கள். புனித தோமையார் இங்கேதான் வேதசாட்சியாக இறந்தார் என்பது மரபு. பகலவி மொழி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை 1547இல் அங்கே கிடைத்தது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். ஊரின் பெயர்தான் என்னை உறுத்துகிறது. பரங்கி என்றால் போர்த்துக்கீசியன். பிறகு ஐரோப்பியன் எவனும். தோமையார் பெயரை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, தமிழ் அந்த மலையைப் பரங்கியின் மலையாகவே வைத்துக்கொண்டது.

அந்தச் சொல்லில் என்ன சிக்கல் என்பதை 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி சீக்கிரமே புரிந்துகொண்டார். அவருக்கு முன்பே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு பல ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து வந்து போகும் பரதவருக்குப் பூசை வைத்தார், மருத்துவமனை நடத்தினார். ஊராரிடம் நல்ல பெயர். ஆனால் மதுரைக்காரர் ஒருவரையும் அவரால் மனந்திருப்ப முடியவில்லை. ஏன் என்று ஆராய்ந்த நொபிலியின் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று, திருமுழுக்குக்கு வருபவரிடம் அப்போது கேட்கப்பட்ட கேள்வி. கிறிஸ்தவராக விருப்பமா என்பதைத் தமிழில் 'பரங்கிக் குலத்தில் புக விருப்பமா' என்ற பொருள்படக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவருக்கு அது சமயத்தைப் பற்றிய கேள்வி. கேட்கப்பட்டவருக்கோ சாதியைப் பற்றிய கேள்வி. மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, தீட்டுப் பாராத ஒரு கூட்டத்தில் நீ சேர்கிறாயா என்று கேட்டால் மதுரையில் யார் 'ஆம்' என்பார்?

நொபிலி அந்தக் கேள்வியை மாற்றினார். தன்னையும் மாற்றிக்கொண்டார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, நான் பரங்கி அல்ல என்று அறிவித்தார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். விவகாரம் கோவா மாநாடு வரை போய், கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் தற்காலிகமாக அனுமதித்து ஆணை வெளியிட்டார். நம்பிக்கை வேறு, குலம் வேறு என்று பிரித்துக் காட்டியது நொபிலியின் பெரிய சாதனை என்று சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. குலத்தை விட வேண்டாம் என்றதும், குலம் அப்படியே கோவிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று வேறொரு வகைக் குரு. அந்தப் பிளவின் வாரிசுகளைக் கட்டுரை முடிவதற்குள் சந்திக்கத்தான் போகிறோம்.

இனி தாம்பரம் சாலை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் எழுபது நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். கத்தோலிக்கர் இதில் இல்லை. இது சீர்திருத்த சபைகளின் கூட்டம். ஆனால் அங்கே எழுந்த கேள்வி எல்லாருக்கும் பொதுவானது. ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்ற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்று தம் நூலில் வாதிட்டிருந்தார். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக். கிறிஸ்தவர் அல்லாதவரின் சமயக் கோட்பாட்டை நீ ஏற்க மறுக்கலாம், அவருக்குள் இருக்கும் உயிருள்ள விசுவாசத்தை எப்படி மறுப்பாய் என்பது அவர் வாதத்தின் சாரம். ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் கற்பித்தவர் இவர். வகுப்பறையில் அப்படியொரு மாணவனை எதிரே வைத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியருக்கு இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

அதே நேரத்தில் சென்னை வழக்கறிஞர்கள் செஞ்சையாவும் சக்கரையும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டு, மேற்கத்தியச் சபையின் அச்சில் இந்தியக் கிறிஸ்தவத்தை வார்க்காதீர்கள் என்றார்கள். இருவரும் இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்துவிடம் வந்தவர்கள். சக்கரை பின்னர் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார். இவர்கள் எழுத்தில் எனக்குப் பிடித்தது, தாங்கள் மாற்றப்பட்டவர்கள் என்ற தொனி எங்கும் இல்லாதது. வந்தோம், பார்த்தோம், பிடித்தது, இருக்கிறோம். வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று நாங்களே முடிவு செய்கிறோம் என்ற நிமிர்வு அதில் இருக்கிறது.

காந்தியின் நிலை தெரிந்ததே. 1916 பிப்ரவரியில் சென்னையில் மிஷனரிகள் கூட்டத்திலேயே சுதேசியைப் பற்றிப் பேசும்போது, மதம் மாற்றும் முயற்சி வேண்டாம் என்று நேரடியாகச் சொன்னவர் அவர். தாம்பரத்துக்கு வரும் வழியில் மாநாட்டுத் தலைவர் ஜான் மாட், காந்தி இருந்த சேகாவுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் மாற்றவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து இந்த வாதம் அரசியல் நிர்ணய சபைக்குப் போனது. நான் முதலில் படித்தபோது வியந்த ஒரு செய்தி: 1947 மார்ச்சில் அம்பேத்கர் தம் குறிப்பாவணத்தில் சமய உரிமையை எழுதும்போது, ஏற்கவும் போதிக்கவும் 'மதம் மாற்றவும்' உரிமை என்றே வெளிப்படையாக எழுதினார். பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் உட்பட்டு என்ற நிபந்தனை மட்டும் வைத்தார். குழுக்களின் வழியே வந்தபோது அந்தச் சொல் உதிர்ந்து, 'பரப்புதல்' என்ற மென்மையான சொல் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. இந்தச் சொல்மாற்றம் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு குருவின் தலையில் விடியும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வற்புறுத்தலாலோ முறையற்ற செல்வாக்காலோ நடக்கும் மதமாற்றம் செல்லாது என்று அடிப்படை உரிமைப் பட்டியலிலேயே ஒரு விதி வைக்க வேண்டும் என்ற யோசனையும் இருந்தது. 1947 மே முதல் நாள் அது சபையில் விவாதத்துக்கு வந்தது. பதினெட்டு வயது ஆகாதவரின் மதமாற்றமும் செல்லாது என்று சேர்க்கச் சொன்னார் கே.எம். முன்ஷி. அங்கேதான் விவாதம் சூடுபிடித்தது. பெற்றோர் மாறினால் இடுப்பிலிருக்கும் குழந்தையின் மதம் என்ன? தாய் ஒரு மதத்திலும் கைக்குழந்தை இன்னொரு மதத்திலும் இருக்க வேண்டுமா? அம்பேத்கரும் அந்தச் சேர்க்கையை எதிர்த்தார். விதி மீண்டும் ஆலோசனைக் குழுவுக்கே திரும்பியது. கட்டாய மதமாற்றம் செல்லாது என்பது எப்படியும் உள்ள நியதிதான், அதை அடிப்படை உரிமையாக எழுத வேண்டியதில்லை என்று வல்லபபாய் பட்டேலின் குழு சொல்லிவிட்டது. ஆக, அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லாமல் போனது கவனக்குறைவால் அல்ல. பேசிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டது.

1948 டிசம்பர் 3, 6 தேதிகளில் 'பரப்புதல்' என்ற சொல்லே விசாரணைக்கு வந்தது. சமயம் தனிமனிதரின் அந்தரங்கம், பரப்பவெல்லாம் வேண்டாம் என்றார் தஜமுல் உசேன். இது இந்துக்களை அடிமையாக்கும் சாசனம் என்று கொதித்தார் ஒரிசாவின் லோக்நாத் மிஸ்ரா. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது, டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குரல். பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். நம் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவர்தான். அக்கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர், தலைகளை எண்ணுவதைவிடக் கருத்துகள் ஊறுவதே கல்லூரியின் வேலை என்று நம்பியவர். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த சான்றிதழ் ஆலயத்தில் வாசிக்கப்படவில்லை, அரசியல் நிர்ணய சபையில் வாசிக்கப்பட்டது.

டி.டி.கே. அதோடு நிற்கவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கிறிஸ்தவரானதும் உயர்சாதியாருக்குச் சமமாகிவிடுகிறார், அந்த ஏற்றத்துக்கான தேவையை நாம் இல்லாமல் செய்துவிட்டால் மதம் மாறும் தூண்டுதலும் போய்விடும் என்ற பொருளில் பேசினார். பாதி உண்மை. மறுபாதியை அவர் அறியாமல் இருந்திருக்கலாம். சபையில் இருந்த கிறிஸ்தவர்கள் அறியாமல் இருந்திருக்க முடியாது.

அந்தச் சபையில் மதராஸ் மாகாணத்தின் சார்பில் இருந்த குருதான் ஜெரோம் டிசூசா. மங்களூரில் பிறந்த சேசு சபைக்காரர், லொயோலா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சபையில் அவர் செய்த காரியங்களில் நான் பெரிதாக மதிப்பது ஒன்றைத்தான். மதராஸ், பம்பாய் மாகாணச் சட்டமன்றங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஒதுக்கீட்டு இடங்கள் தருவது என்று 1947இல் முடிவாகியிருந்தது. 1949 மே மாதம் அதைக் கைவிடும் தீர்மானம் வந்தபோது, வங்காளத்துக் கிறிஸ்தவரும் சபையின் துணைத் தலைவருமான எச்.சி. முகர்ஜியைப் போலவே டிசூசாவும் அதை ஆதரித்தார். கையில் இருந்ததை விட்டுக்கொடுத்தார்கள். மதராசில் அது கொஞ்சநஞ்ச இடம் அல்ல.

ஏன் விட்டார்கள்? பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. எனக்கு அதில் ஓர் இறையியல் கணக்கும் தெரிகிறது. ஒதுக்கீட்டு இடம் இருந்தால் கிறிஸ்தவர் எண்ணிக்கை அரசியல் எண்ணிக்கையாகிறது. அதன்பின் ஒவ்வொரு திருமுழுக்கும் ஒரு வாக்கு. எந்தக் குரு தண்ணீர் ஊற்றினாலும், ஆத்துமத்துக்கா தொகுதிக்கா என்ற சந்தேகம் எழும். இடத்தை விட்டால்தான் திருமுழுக்கு மறுபடி திருமுழுக்காகும். பரப்பும் உரிமை இருந்தால் போதும், வேலி வேண்டாம் என்ற நிலை இதிலிருந்து பிறந்ததாகவே நான் படிக்கிறேன். பின்னாளில் டிசூசா ஐ.நா. பொதுச்சபைக்குப் பலமுறை இந்தியக் குழுவில் போய்வந்தார். 1951இல் புனேயில் அவர் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனம் பிறகு தில்லிக்கு மாறி, இன்றும் இந்திய சமூக நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கி அணிந்தபடியே அரசியலில் நின்றவர். கட்சிக்காரராக அவர் நினைவுகூரப்படுவதில்லை.

இரண்டாமவர் ஸ்டானிஸ்லாஸ். ராய்ப்பூர்ப் பக்கத்துக் குரு. நிர்ணய சபை வேண்டாம் என்று விட்டதை ஒரிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் மாநிலச் சட்டங்களாகக் கொண்டுவந்தன. பெயர் என்னவோ சமயச் சுதந்திரச் சட்டம். மத்தியப் பிரதேசத்தின் அன்றைய சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றும் சடங்கைச் செய்பவர் அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. கவனியுங்கள்: தெரிவிக்க வேண்டியிருந்தது மாறியவர் அல்ல, மாற்றியவர்தான். பிறவினை சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் ஸ்டானிஸ்லாஸ் மீது வழக்குப் பாய்ந்தது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஒரிசா உயர் நீதிமன்றமோ தன் மாநிலச் சட்டம் செல்லாது என்று முன்னரே சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 1977 ஜனவரி 17 அன்று தலைமை நீதிபதி ஏ.என். ரே தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: தன் சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இல்லை. அப்படி வேண்டுமென்றே மாற்றுவது மற்றவரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தில் தலையிடுவதாகும்.

சட்ட அறிஞர் எச்.எம். சீர்வை இந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார். பரப்புவது எதற்கு? கேட்பவர் ஏற்கட்டும் என்றுதானே? கேட்டவர் ஏற்றுக்கொண்டால் அது அவருடைய மனச்சாட்சியின் சுதந்திரம் அல்லவா? எனக்கும் இந்தக் கேள்விகளுக்கு விடை அந்தத் தீர்ப்பில் கிடைக்கவில்லை. ஆனால் நீதிபதிகளை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. அவர்கள் முன் வைக்கப்பட்ட வாதமே மாற்றுபவரின் உரிமை பற்றியது. சட்டத்தை எதிர்த்தவர் குரு, காத்தது அரசு. தண்ணீர் யார் தலையில் விழுந்ததோ அந்த மனிதர் மனுதாரராகவும் இல்லை, எதிர்மனுதாரராகவும் இல்லை. மாறுகிறவரின் உரிமையை மையமாக வைத்து ஒரு தீர்ப்பு வர 2012 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம், மதம் மாறப் போகிறவர் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற பிரிவை ரத்து செய்தபோது, நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவும் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது.

திருமுழுக்குப் பதிவேட்டைப் பற்றி ஒரு சின்ன அனுபவம். உறவினர் பையன் ஒருவனின் திருமணத்துக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்க, புறநகர்ப் பங்கு அலுவலகம் ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் பீரோவிலிருந்து எடுத்து வைத்தது நீளவாக்கில் தடித்த ஒரு பைண்டு நோட்டு. முனைகளில் கரையான் தின்ற தடம். பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கொடுத்தவர் கையெழுத்து. ஓரத்தில் உறுதிப்பூசுதலுக்கும் கல்யாணத்துக்கும் இடம். பெரும்பாலும் கைக்குழந்தைகள். பக்கம் புரட்டும்போது ஓரிடத்தில் பிறந்த ஆண்டுக்கும் திருமுழுக்கு ஆண்டுக்கும் முப்பது வருடத்துக்கு மேல் இடைவெளி. அந்த வரியும் மற்ற வரிகளைப் போலவே அதே நீல மையில், அதே அளவில்தான் இருந்தது. ஆட்சியர் அலுவலகத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரிதான் செய்தியாகியிருக்கும்.

பெரியவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கு முன் நீண்ட ஆயத்தக் காலம் உண்டு. சடங்கின் தொடக்கத்தில் குரு கேட்பார்: திருச்சபையிடம் நீ கேட்பது என்ன? வந்தவர் சொல்ல வேண்டிய விடை, நம்பிக்கை. பெர்னாண்டஸ் காலத்துப் பரங்கிக் குலக் கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே கேட்பவர் அவர். யாரும் அவரைக் கேட்க வைக்கக் கூடாது என்பதும் திருச்சபைச் சட்டம். 1983இன் சட்டத்தொகுப்பின் 748ஆம் விதி, எவரையும் அவருடைய மனச்சாட்சிக்கு மாறாகக் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவும்படி வற்புறுத்த யாருக்கும் ஒருபோதும் அனுமதி இல்லை என்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றி வெளியிட்ட அறிக்கையின் பலன் அது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், கோவாவில் விசாரணை மன்றம் வைத்திருந்த காலத்தில், இதே சபை இப்படிப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் குருக்கள் பிரசங்கத்தில் எடுப்பது அபூர்வம்.

ஒரிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் வந்தது போன்ற சட்டம் தமிழ்நாட்டுக்கும் ஒருமுறை வந்து போனது. 2002 அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாத இறுதியில் அது பேரவையில் சட்டமானது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவர், பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். பெண்ணையும் தலித்தையும் சிறுவரோடு ஒரே வரியில் அடைத்த அந்தப் பிரிவைத்தான் நான் மறக்க மாட்டேன். முடிவெடுக்கத் தெரியாதவர்கள் பட்டியல் அது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடம்கூடப் பெறவில்லை. சில நாட்களில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. உபதேசத்தால் ஆகாதது தேர்தலால் ஆயிற்று.

இதற்கெல்லாம் நடுவில், கணக்கில் ஏறாத ஒரு கூட்டம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெசன்ட் நகர் கோவிலில் கொடியேறும் 29ஆம் தேதிக் கூட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவர்கள். மாதாவிடம் வேண்டுகிறார்கள், நேர்ச்சை செலுத்துகிறார்கள், வீட்டுக்குப் போய் வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் விளக்கேற்றுகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் 6.12 சதவீதம். மாதாவிடம் கைகூப்பியவர்களை எண்ணத் தொடங்கினால் அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஹாக் தாம்பரத்தில் கேட்டதை இவர்கள் செருப்பில்லாத காலோடு கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

கடைசியாக, டி.டி.கே. சொன்ன சமத்துவம். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1980களின் தொடக்கத்தில் மாநில அரசு செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாக பங்க் கடை கொடுத்தபோது, பட்டியல் சாதியாருக்கு மட்டும் என்று சொல்லி அவருக்குத் தரப்படவில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. பக்கத்தில் அதே வெயிலில், அதே ஊசியால், அதே தோலைத் தைத்துக்கொண்டிருந்தவருக்குக் கடை கிடைத்தது. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்று 1985 செப்டம்பரில் அவர் மனு தள்ளுபடியானது.

சான்று தேடியிருந்தால் கோவிலுக்குள்ளேயே கிடைத்திருக்கும். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும், பிணத்தைப் பொதுத் தெரு வழியே எடுத்துப் போக வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டார்கள். அதற்காகத் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் கத்தோலிக்கரே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரும் ஊரறிந்தது. நொபிலி விட்டுவைத்த குலம் நானூறு ஆண்டுகளில் கல்லறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. பரங்கிமலையை உள்ளடக்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானபோது அதன் முதல் ஆயராக நீதிநாதன் வந்தார். இந்திய ஆயர் பேரவையின் தலித் பணிக்குழுவைப் பின்னர் வழிநடத்தியவர் அவர். 2016இல் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையையும் வெளியிட்டது. கொள்கை அச்சாகிவிட்டது. பங்குகளில் அது நடப்பது வேறு வேகத்தில்.

ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து, மூன்றாம் பத்தியை நீக்கு என்று கேட்கும் குருக்களின் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்தப் பத்தியில் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத நிபந்தனையையே எடுத்துவிடச் சொன்னது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது. ஆனால் தில்லிக்கு மனு எழுதும் அதே மேசையிலிருந்து எறையூர்த் தெருவுக்கும் ஓர் உத்தரவு போக வேண்டும். 'கொடுமை தொடர்கிறது' என்று நீதிமன்றத்தில் சொல்கிறவர், தொடரவிடுகிறவர்களில் தாமும் ஒருவர் என்பதைப் பூசை மேடையில் சொன்னால்தான் மனுவுக்கு மரியாதை.

சூசை கேட்டது ஒரு பங்க் கடை. அது அவருக்குக் கிடைக்கவில்லை.